மூன்றாவது படி

பன்னிரண்டாவது ஆளும் மூன்றாவது படியை நன்றாக ஊன்றி மிதித்து ஏறி ஆலயத்துக்குள் போன பிறகுதான், கிருபாபாய் தன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளாக அந்த வாசலில் நின்று, ஏறி வருகிறவர் எவரானாலும், "மூணாவது படி வழுக்கும், தாண்டி வாங்க" என்று சொல்லி வந்தவள் அவள். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய கால்களே அறியும். புதியவர்களுக்குச் சொல்லாமல் விட்ட நாள் இதுவரை ஒன்றுகூட இல்லை. இன்று, சனிக்கிழமை காலை, ராஜபாளையத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பழைய கட்டடங்களைப் பார்க்கக் கிளம்பி வந்திருந்த பன்னிரண்டு பேர் ஏறும்போது, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நின்றாள். அந்தக் கல் அவர்கள் கண்ணில் படவேண்டும். அதற்கு முதலில் அவர்கள் காலில் படட்டும் என்பது அவள் கணக்கு.

பேட்டைத் தெருவின் கோடியில் இருக்கும் அந்த ஆலயம் பெரியதன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், தேரடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், பால்கோவா வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுவார்கள். நாலு தெரு தள்ளி, சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிவைத்த கோயில் இருப்பது உள்ளூரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. தரையிலிருந்து வாசலுக்கு ஐந்து படிகள். அகலமான, உயரம் குறைந்த கருங்கல் படிகள்.

துரையின் காலத்தில் செண்பகத்தோப்பு மலையடியில் ஏழு வீடுகள் இருந்தனவாம். ஏழு வீட்டாருக்கும் பொதுவாக ஒரு கல் இருந்தது. ஆட்டுக்கிடைக்குள் புகுந்த புலியை மறித்து நின்று செத்துப்போன முன்னோர் ஒருவரைப் பொறித்த கல் அது. ‘ஐயா’ என்றுதான் அதைச் சொல்வார்கள். ஏழில் நான்கு வீடுகள் வேதத்துக்கு வந்தன, கிறிஸ்தவர்களாயின. பழையதை விட்டுவிட்டதற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்றார் துரை. அந்தக் கல்லைக் கொண்டுவந்து, முகம் கீழே இருக்கும்படி, ஆலயத்துக்குப் படியாகப் போடச் சொன்னார். போட்டார்கள். ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஆலயம் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நான்கு வீட்டு ஆணும் பெண்ணும் இரண்டாவது படியிலிருந்து நேரே நான்காவது படிக்குக் கால் வைத்தார்கள். ஏன் என்று துரை கேட்க, கெட்டிக்காரி ஒருத்தி, "வழுக்குது ஐயா" என்றாளாம். அந்தப் பொய்க்கு ஆலயத்தின் வயதே வயது.

அதைக் காப்பாற்றுவது ஆலயத்தைத் திறந்து, கூட்டி, மணியடிக்கும் வீட்டாரின் பொறுப்பாயிற்று. கிருபாபாயின் கணவர் காலமானபின் மணிக்கயிறும் சாவிக்கொத்தும் வந்ததுபோலவே இந்தப் பொய்யும் அவளிடம் வந்தது. அவள் அதைக் குறைவில்லாமல் நடத்தினாள். வெளியூர்க் கூட்டம் வரும் கல்யாண நாட்களில் மூன்றாவது படியின்மேல் பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கிவிடுவாள். அழகாயிருக்கிறது என்று பெண் வீட்டார் பாராட்டுவார்கள். இப்போது விஷயம் தெரிந்தவர்கள் நான்கு வீட்டிலும் பெண்கள் மட்டுமே. அவர்களும் ஒருவரோடொருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஒரு கொக்கு, தன் குளத்து மீனைப் பிறர் பிடித்துவிடாமலிருக்க, "குளத்தில் முதலை கிடக்கிறது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்ததாம். ஊரார் நம்பினார்கள். முழுதாக நம்பியதால், பிள்ளைகுட்டிகள் நடமாடும் இடத்தில் முதலைக்குளம் எதற்கென்று, வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டிக் குளத்தையே மூடிவிட்டார்கள். கிருபாபாய்க்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான்.

சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுபத்தெட்டு வயதான பிரிஸ்கில்லா அம்மாள் அந்தப் படியைத் தாண்ட எட்டு வைத்தபோது விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அவருடைய மகன் ஜெபக்குமார்தான் சபைச் செயலாளர். ராஜபாளையத்தில், புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் தயாரிக்கும் யூனிட் ஒன்றை நடத்துகிறவர். அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்றார்.

"வழுக்குற படிய எதுக்கு இன்னும் வச்சுக்கிட்டு இருக்கோம்? கிருபாக்கா எத்தன வருசமாக் கத்திக்கிட்டு இருக்காக. நாமதான் காதுல வாங்கல" என்றார்.

ஐந்து படிகளையும் இயந்திரம் வைத்து உடைத்தெடுத்துவிட்டு, சொரசொரப்பான கிரானைட் பதித்து, பக்கத்தில் சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளமும் கட்டுவதென்று முடிவாயிற்று. ‘சகோதரி கிருபாபாயின் நெடுநாளைய எச்சரிக்கைக்குச் சபை நன்றி தெரிவிக்கிறது’ என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியும் எழுதினார்கள். அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் எழுந்து கும்பிட்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கொத்தனார் வேலை தொடங்குவது வருகிற திங்கட்கிழமை.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், பிரிஸ்கில்லா அம்மாளின் இடுப்பு முறிந்ததற்குக் காரணம் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதுவும் போகட்டும், ஆலய வாசலிலேயே ஒரு சிலை கிடக்கிறது என்று தெரிந்தால், இயந்திரம் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் போகலாம். இந்த யோசனையில் தூக்கம் கெட்டு, மலையடியில் இருக்கும் தன் மாமன் மகள் வெள்ளத்தாய்க்குப் போன் செய்தாள். வெள்ளத்தாய் வேதத்துக்கு வராத மூன்று வீட்டைச் சேர்ந்தவள். அவர்கள் இன்றும், கல் நின்ற வெறும் பீடத்துக்குத்தான் விளக்கேற்றுகிறார்கள்.

"மைனி, நீங்க வாயத் தொறக்க வேணாம்" என்றாள் வெள்ளத்தாய். "போன மாசம் எங்க பீடத்தப் பாக்க ஒரு கூட்டம் வந்துச்சு. ஐயாதுரைன்னு ஒரு சாரு, தபாலாபீசுல இருந்து ரிட்டையர் ஆனவரு, மாசத்துக்கு ஒருக்க இப்படி ஆள்களக் கூட்டிக்கிட்டுத் திரியுதாரு. பீடத்துல இருக்க குழிய அளந்து பாத்துட்டு, இங்க நின்ன கல்லு எங்கம்மான்னு கேட்டாரு. எனக்குத் திக்குனு ஆயிருச்சு."

"நீ என்னட்டி சொன்ன?"

"ஆத்துத் தண்ணில போயிருச்சுன்னேன். எங்க வீட்டுப் பொய் அதான? ஒங்களுக்கு வழுக்கலு, எங்களுக்கு ஆத்துத் தண்ணி." சிரித்துவிட்டு மேலும் சொன்னாள்: "அவர ஒங்க கோயிலுக்கு வரச்சொல்லுதேன். கல்லக் கண்டாருன்னா அவரே கண்டுபிடிச்சுருவாரு. படிச்ச மனுசன் சொன்னா ஒங்க கமிட்டியும் கேக்கும்."

அப்படி வந்த கூட்டம்தான் இது. காலையில் கோபுர வாசலில் கூடி, மகால் அரண்மனையைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு ஆலயத்துக்கு வந்திருந்தார்கள். வெயிலுக்குப் பின் மலையடிப் பீடத்துக்குப் போவதாகத் திட்டம். ஐயாதுரை மெலிந்த மனிதர். தோளில் ஜோல்னாப் பை, கையில் மடக்குக் குடை. ஆலயத்துக்குள் அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கப்பலில் வந்த மணி, வண்ணக் கண்ணாடியில் உடைந்த இடத்தில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதம், கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பின் வழவழப்பு. இரண்டு வயதில் காலரா கண்டு இறந்த துரையின் மகளுக்குச் சுவரில் பதித்திருந்த பித்தளைத் தகட்டை அவர் நிதானமாக மொழிபெயர்த்துச் சொன்னபோது எல்லோரும் தகட்டருகே வந்து நின்றார்கள். கிருபாபாயும் நின்றாள். வாரந்தோறும் புளி போட்டு அவள் துலக்குகிற தகடுதான். அதில் இருப்பது ஒரு குழந்தை என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. அந்தத் துரையின்மேல் அவளுக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு தன் வேலை நினைவுக்கு வந்தது. ஐயாதுரை அருகில் போனாள்.

"படியப் பாத்தீகளா ஐயா?"

"பாத்தேம்மா. நல்ல உறுதியா இருக்கு."

"அஞ்சு படி இருக்கு."

"ஆமாம்மா, ஏறுனேனே" என்று சிரித்துவிட்டு, அவர் கூரையின் தேக்கு விட்டங்களைக் காட்டத் திரும்பிக்கொண்டார்.

அவள் வெளியே வந்து, ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் படிகளின்மேல் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தாள். ஈரமானால் கல்லின் வேறுபாடு நன்றாகத் தெரியும். வாசலுக்கு வந்த ஐயாதுரை, "கோயிலுன்னா இப்படி வச்சுக்கிடணும்" என்று கூட்டத்தாரிடம் அவளைப் பாராட்டினார். கிருபாபாய் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். கல்லைக் கண்டால் கண்டுபிடித்துவிடுவார் என்று வெள்ளத்தாய் சொன்ன மனிதர், அந்தக் கல்லின்மேல் நின்றுகொண்டே குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஜெபக்குமார் ஒரு தூக்கு நிறையத் தேநீரோடு வந்து சேர்ந்தார். வெளியூரார் ஆலயம் பார்க்க வந்திருப்பதில் அவருக்கு மெய்யான மகிழ்ச்சி. தாமே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை கிரானைட் வேலை தொடங்குவதையும் தம் தாயார் விழுந்த கதையையும் சொன்னார். ஏறும்போது, வழக்கம்போல, மூன்றாவது படியைத் தாண்டித்தான் ஏறினார்.

கூட்டத்தில் மாரிசெல்வி என்றொரு பெண். ஜெபக்குமாரின் யூனிட்டிலேயே செக்கிங் மேசையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் ஓடும் வெள்ளைத் துணியில் நூல் விட்ட இடத்தையும் இழை தடித்த இடத்தையும் பிடித்து நிறுத்துவது அவள் தொழில். விடுமுறை நாளில் முதலாளி வந்து நிற்கவே, கொஞ்சம் ஒதுங்கிக் கீழ்ப்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்தவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு படிகளின் விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"சார், இது மட்டும் வேற மாதிரி இருக்கே" என்றாள். "மத்த நாலும் நடுவுல தேஞ்சு பள்ளமா இருக்கு. இந்தக் கல்லு வெளிம்பு கூட மழுங்கல. எங்க மேசைக்கு வந்திருந்தா இத ரிஜெக்ட் போட்டிருப்பேன்."

கிருபாபாய் ஓரடி முன்னால் வந்தாள். ஐயாதுரை குடையை மடக்கி, குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். மற்ற நான்கு படிகளையும் தடவினார், மூன்றாவதைத் தடவினார். அவருடைய முகம் தெளிந்தது.

"நல்லாப் பாத்தம்மா. இது பின்னால மாத்துன கல்லு. அம்பது அறுவது வருசத்துக்குள்ளதான் இருக்கும். பழசா இருந்தா இத்தன பேர் ஏறி எறங்கித் தேயாம இருக்குமா?"

"அப்ப அதுல ஒண்ணும் இல்ல" என்றார் ஜெபக்குமார்.

"அதுல ஒண்ணும் இல்ல. மத்த நாலு படியையும் வேணும்னா பத்திரமா எடுத்து, மதில் ஓரமா வைக்கலாம். இத ஒடச்சா ஒண்ணும் நட்டமில்ல."

கிருபாபாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்த மனிதர் பார்த்துவிட்டார், சொல்லியும் விட்டார். இனி வேறொருவர் வந்து பார்ப்பதற்கு நாளும் இல்லை. இன்று காலை வரை நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு கால்கூட அழுத்தி வைக்காமல் காத்த காவலே இப்போது அந்தக் கல்லுக்கு வயதில்லை என்று சாட்சி சொல்லிவிட்டது. அவள் ஆலயக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அது புதுசு இல்ல ஐயா" என்றாள். "யாரும் மிதிக்கல. அம்புட்டுதான்."

ஐயாதுரை நிமிர்ந்தார்.

"கோயில் கட்டுன அன்னைக்குப் போட்ட கல்லு. அன்னையில இருந்து யாரும் மிதிக்கல. வழுக்கும்னு சொல்லிச் சொல்லி மிதிக்க விடல." ஜெபக்குமாரைப் பார்க்காமல் சொன்னாள்: "வழுக்காது. ஒரு நாளும் வழுக்குனதில்ல."

அதன்பின் மிச்சத்தையும் சொன்னாள். ஏழு வீடு, துரை, கீழே கவிழ்ந்திருக்கும் முகம் எல்லாவற்றையும், மளிகைக் கடையில் சாமான் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தாள். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்னதா அது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஜெபக்குமார் தேநீர்த் தூக்கைக் கீழே வைத்தார். அவர் கோபக்காரர் அல்லர்; ஆனால் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"அப்ப எங்கம்மா வழுக்கி விழல."

"இல்லய்யா."

"தாண்டப் போயித்தான் விழுந்திருக்காக. ஒங்க பேச்சக் கேட்டு."

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும் என்று கிருபாபாய்க்குத் தோன்றியது.

"ஒங்கம்மாவும் அந்த நாலு வீட்டுல ஒரு வீடுதான்யா. அவுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எனக்கும் முன்னாலேயே அவுகளுக்குத் தெரியும்."

ஜெபக்குமார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். ஒலிபெருக்கியில் போட்டது நினைத்துச் செய்ததா, விரல் பட்டதா தெரியவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். நம்ம கோயில்ல மூணாவது படி வழுக்குமா?"

மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது. பிறகு பிரிஸ்கில்லா அம்மாளின் குரல், படுத்துக் கிடப்பவரின் தட்டையான குரல்:

"கிருபா சொல்லிட்டாளா?"

ஜெபக்குமார் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். மாரிசெல்வி நகர்ந்து இடம் விட்டாள்.

"இடுப்பு ஒடிஞ்சு கெடக்கைல கூட எங்கிட்டச் சொல்லலியேம்மா."

"சொன்னா நீ என்ன செய்வ? கமிட்டியக் கூட்டியிருப்ப."

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"மிதிச்சு ஏறியிருக்கலாம்லா? இத்தன வயசுக்கு அப்புறம் அதுக்காக ஆண்டவர் கோவிச்சுக்கிடுவாராக்கும்?" என்றார் ஜெபக்குமார்.

"ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எங்காலுதான் கேக்க மாட்டேங்குது" என்றார் பிரிஸ்கில்லா அம்மாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏலே, அங்கதான நிக்க? அந்த மொகத்த யாராச்சும் பாத்தீகளா? எங்கம்மாவும் பாக்கல, நானும் பாக்கல" என்றார்.

போனின் திரையில் இன்னோர் அழைப்பு வந்து ஒளிர்ந்தது. கொத்தனார் வேல்பாண்டி. ஜெபக்குமார் அந்த அழைப்பை மட்டும் துண்டித்து, தாயார் இணைப்பில் இருந்த போனைப் படியின்மேல் வைத்தார். வேலையை நிறுத்துவதாகவும் சொல்லவில்லை, நடத்துவதாகவும் சொல்லவில்லை. எழுந்து, படிகளின் இடப்பக்கம் போனார். அங்கே மழைநீர்க் குழாயின் அடியில் அரசங்கன்று ஒன்று முளைத்து, மூன்றாவது படியின் அடியைத் தாங்கிய செங்கற்களை அசைத்து வைத்திருந்தது. கன்றை ஒதுக்கிவிட்டு, ஒரு செங்கல்லைப் பிடித்து ஆட்டினார். முதல் இழுப்புக்கு வரவில்லை. ஐயாதுரை தம் குடையின் முனையைக் கொடுத்து நெம்ப, செங்கல் கழன்று வந்தது.

உள்ளேயிருந்து மணல் சரிந்தது. ஆற்று மணல், சலித்து எடுத்ததுபோல் அத்தனை மெல்லியது. நாலு கை அளவுக்குக் கொட்டி, தானே நின்றது.

ஐயாதுரை அதைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "மத்த படிக்கெல்லாம் சுண்ணாம்பு வச்சுக் கட்டியிருக்காங்க" என்றார். "இதுக்கு மட்டும் மணல் மெத்த போட்டிருக்காங்க. மூஞ்சி தேஞ்சிரக் கூடாதுன்னு." பிறகு கிருபாபாயிடம் திரும்பி, "நான் சொன்னது தப்பும்மா" என்றார்.

ஜெபக்குமார் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. ஐயாதுரைக்கு அவ்வளவு தாழக் குனிய முடியவில்லை. எல்லோரும் கிருபாபாயைப் பார்த்தார்கள்.

அவள் தயங்கினாள். காக்க வேண்டியவள் அவள்; தொட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி மாரிசெல்வியிடம் கொடுத்துவிட்டு, துவாரத்துக்குள் கையை நுழைத்தாள். கன்னம் படியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. தேய்த்து விட்ட தண்ணீரின் ஈரம் முகத்தில் குளிர்ந்தது. மணலைத் தள்ளித் தள்ளி, விரல்கள் மேலே ஏறின.

"என்னட்டி தெரியுது?" என்றார் போனில் பிரிஸ்கில்லா அம்மாள்.

"கல்லுதான் மைனி. செத்த இருங்க... ஏதோ மேடா இருக்கு. ஒரு கை."

"கைல கத்தி இருக்கா? ஈட்டி வச்சிருப்பாகன்னு எங்கம்மா சொல்லும்."

கிருபாபாய் விரல் நுனியால் திரும்பவும் தடவினாள். மெலிந்த முன்னங்கை. மணிக்கட்டில் வட்டமாக ஒரு வரி. அதற்கு மேல் இன்னொரு வரி. மூன்றாவதும் இருந்தது.

"இது ஐயா கை இல்ல மைனி" என்றாள். "வளையல் போட்டிருக்கு. பொம்பளக் கை."

போனில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஜெபக்குமார் மணலில் முழங்காலிட்டுத் துவாரத்தருகே குனிந்தார். கிருபாபாய் கண்களை மூடிக்கொண்டு, இதுவரை யாரும் பேர் சொல்லாத அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தவாறே, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள்.